மூச்சு விடக் கூடாது

இதனால் உலக மக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மண் மூச்சு விடுகிறது. பயறு விதைத்த மண் சற்று அதிகமாகவே விடுகிறது. பயறு விதைத்து, மணிச்சத்து உரத்தை இரண்டு பங்காக இட்டு, அடியேன் முன்னின்று கவனித்த மண்ணோ, இதுவரை பூமியில் எந்த மண்ணும் விடாத அளவுக்கு மூச்சு விடுகிறது. இச்செய்தியைச் செவிமடுக்கும் பேறு பெற்ற நீங்கள் பாக்கியசாலிகள்.

மேற்படி அறிவிப்பை எழுத எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ‘செவிமடுக்கும்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முற்பகல் முழுதும் போயிற்று. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக எழுதி, அந்தப் பொன்னாள் வரும்வரை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். பலகையில் அப்போது இரண்டே தாள்கள் இருந்தன. ஒன்று, மாடிக் குழாயில் தண்ணீர் வராது என்றது. மற்றொன்று, கறுப்புக் குடை ஒன்றைக் காணோம் என்றது. அவற்றுக்கு நடுவே என் அறிவிப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சாணால் அளந்தும் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் வேர்களும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களும் இருக்கின்றன. அவையும் நம்மைப் போலவே தின்கின்றன, நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. ஆனால் நம்மைப் போல அதற்கு ஒரு கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. இந்த வாயு மண்ணிலிருந்து எவ்வளவு வேகமாக வெளிவருகிறது என்று அளந்தால், கீழே எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரியும். இதைத்தான் மண்ணின் மூச்சு என்கிறோம்.

பயறுச் செடி இதில் தனி ரகம். அதன் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தான நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடும். ஆக, பயறுக்குத் தழைச்சத்தை அள்ளிப் போடுவது சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி இலையில் உட்கார வைப்பது போல. அந்த முடிச்சுகளுக்குத் தேவை மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். அதை இரண்டு பங்காகக் கொடுத்தால் முடிச்சுகள் பெருகும், மண்ணுக்கு மூச்சு வாங்கும் என்பது என் கொள்கை. கொள்கை என்று நான்தான் சொல்கிறேன். மற்றவர்கள் அதை ‘டாக்டரோட ஆசை’ என்றார்கள்.

ஆசையைச் சோதிக்க எனக்குப் பதினைந்து பாத்திகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தட்டைப்பயறு. உரமே போடாதது, தழைச்சத்து மட்டும், சாம்பல்சத்தான பொட்டாஷ் மட்டும், மணிச்சத்து ஒரு பங்கு, மணிச்சத்து இரண்டு பங்கு என்று ஐந்து வகை. ஒவ்வொரு வகைக்கும் மூன்று பாத்திகள். இரண்டு பங்கு போட்ட மூன்றுக்கும் சிவப்புக் கொடி நட்டிருந்தேன். மற்றவற்றுக்கு வெறும் எண் அட்டை. இந்த இடத்திலேயே புத்திசாலி வாசகர்கள் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கலாம்.

அளக்கும் கருவி, கவிழ்த்த குண்டான் போல ஒரு எஃகு மூடி. மண்ணில் பதித்த வளையத்தின் மேல் அதைப் பொருத்தினால் உள்ளே வாயு சேரும். மூடியிலிருந்து ஒரு குட்டைக் குழாய் பக்கத்துப் பெட்டிக்குப் போகும். பெட்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை, அதில் எறும்பு அளவுக்கு எண்கள். மூடியின் உச்சியில் விரல் நீளத்துக்கு இன்னொரு திறந்த குழாய் உண்டு, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் ஒன்றாக இருப்பதற்காக. அதை நாங்கள் மூக்கு என்போம். மூக்கின் கதை பின்னால் வருகிறது.

பெட்டியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள், மங்கிய நீல மையில், ஒரே ஒரு வரி: ‘அளவெடுக்கும்போது மூச்சு விடக் கூடாது.’

மூன்று வருடங்களுக்கு முன் இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் நாளே அந்த வரியைப் பார்த்து அசந்து போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் எவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்! ஆராய்ச்சி முடிவதற்குள் செய்தி கசிந்துவிடக் கூடாது என்று கருவிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறாரே! அன்றைக்கே அலுவலர்களைக் கூட்டி, பெட்டியைத் தூக்கிக் காட்டி, அரைமணி நேரம் பேசினேன்.

“நல்லாப் படிச்சுக்குங்க. மூச்சு விடக் கூடாது. இங்க நடக்குற எதைப் பத்தியும் வெளியில ஒரு சொல்லு போகக் கூடாது. வீட்டுல கேட்டாலும் மூச்!”

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் நிறுத்துவதாகத் தெரியாததால் மூடிக்கொண்டார். அவர்தான் எங்கள் டெக்னீஷியன்.

பதினோரு வருடமாகத் தற்காலிக வேலையில் இருப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார், அந்தப் பத்தும் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அதனால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்தேன். என் நகைச்சுவையை நானே மெச்சி, அதை நிலையம் முழுக்கப் பரப்பினேன். அவர் எனக்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை. பெயர் வைப்பதெல்லாம் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

வாரத்துக்கு மூன்று காலை அளவெடுப்போம். பன்னிரண்டு பாத்திகளை அவர் எடுப்பார். சிவப்புக் கொடி மூன்றையும் நானே எடுப்பேன். பெற்ற பிள்ளையை வேறு யார் கையிலாவது கொடுப்பேனா? பாத்தியோரம் மண்டியிட்டு, குனிந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பேன். எனக்குக் கண்ணாடி உண்டு. போடுவதில்லை. என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவளே அளவெடுத்துச் செய்து கொடுத்தது அது. அவளிடம், என் பார்வையில் பழுதில்லை, இந்தக் காலத்தில் எழுத்துகளைத்தான் சின்னதாக அச்சடிக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

“போட்டா கிரீடம் சரிஞ்சிடுமா?” என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எதை விடுவது என்று கற்றுக்கொண்டிருந்தாள்.

மண்டியிட்டுக் குனிந்த நேரத்தில் நான் சும்மாவும் இருக்க மாட்டேன். வேடிக்கை பார்க்க யாராவது வந்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், உர வியாபாரிகள், வழி தவறி வந்த கூரியர்க்காரர். அவர்களுக்கு மணிச்சத்தின் மகிமையை மூச்சு முட்ட விளக்குவேன். யாரும் வராத நாளில் செடிகளுக்கு விளக்குவேன்.

எண்கள் வந்தன, பாருங்கள். மற்ற பாத்திகளில் மூன்று, மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி இரண்டு. என் சிவப்புக் கொடிகளில் நான்கு புள்ளி நான்கு! நான்கு புள்ளி ஆறு! உர வியாபாரிகள் ஐந்து பேர் வந்த நாளில் ஐந்து புள்ளி மூன்று!

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் சொன்னேன், அவள் என்ன வெளியாளா? முடி வெட்டுபவரிடம் சொன்னேன், கத்தரி அவர் கையில் இருந்தது. பல் மருத்துவரிடம் வாயில் பஞ்சோடு சொன்னேன். அத்தானிடம் போனில் சொன்னேன். மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

“டேய் தம்பி, மண்ணு மூச்சு விடுதாமே?”

“யாருக்கா சொன்னது?”

“உங்க அத்தான்தான்.”

“அத்தானுக்கு யாரு சொன்னது?”

“நீதாண்டா. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நாலு தடவை சொல்லிட்டுச் சொன்னியாம். அதான் அவரு எல்லாருக்கும் போன் போட்டு அதையே சொல்லிட்டு இருக்காரு.”

இந்த வேகத்தில் மாநாட்டு அழைப்பு வந்தது. துறைத் தலைவர் நாற்காலி வருட முடிவில் காலியாகிறது என்ற செய்தியும் வந்தது. இரண்டும் வந்த வாரத்தில் என் இடுப்பும் போனது. மண்டியிட்டுக் குனிந்தே சம்பாதித்த வலி. ஒன்பது நாள் படுக்கை. அசையக் கூடாது என்றார் மருத்துவர். பேசக் கூடாது என்று அவர் சொல்லாதது வீட்டாருக்குப் பெரிய குறை.

பத்தாம் நாள் நிலையத்துக்குப் போய் அளவுப் பதிவேட்டைத் திறந்தேன். நான் இல்லாத நாட்களில் சிவப்புக் கொடிப் பாத்திகளையும் முற்றுப்புள்ளியே எடுத்திருந்தார். மூன்று புள்ளி ஒன்று. மூன்று. மூன்று புள்ளி இரண்டு.

“என்னம்மா இது?”

“அளவு சார்.”

“அது தெரியுது. ஏன் இறங்கியிருக்கு?”

“இறங்கல சார். வந்ததை எழுதினேன்.”

“நான் எடுக்கும்போது நாலரை வருது. நீங்க எடுத்தா மூணு வருது. ஒரே பாத்தி, ஒரே கருவி. அப்போ தப்பு எங்க இருக்கு?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “அதைத்தான் சார் நானும்...” என்றார்.

நான் முடிக்க விடவில்லை. முற்றுப்புள்ளியைக் கூட முற்றுப்புள்ளி வைக்க விடாத பேச்சு என்னுடையது. “மூடியைச் சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க. வளையத்துல மண்ணு ஒட்டியிருக்கும். அவசரம். நான் இல்லைன்னா எல்லாருக்கும் அவசரம்!” என்று தொடங்கி, பொறுப்புணர்ச்சி பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு, அறைக்குப் போய் மெமோ எழுதினேன். ‘அளவீட்டில் கடும் அலட்சியம்’ என்பது தலைப்பு.

அந்த மெமோ என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசைதான். தெரியும். அவரது பணி நிரந்தரக் கோப்பு பதினோரு வருடம் மேசை மேசையாக ஏறி இறங்கி, அந்த வாரம்தான் இயக்குநர் மேசைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகி மேலே போக வேண்டும். போகாவிட்டால் அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள். கோப்பில் ஒரு மெமோ இருந்தால் கோப்பு வந்த வழியே கீழே இறங்கும். இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன். மண்ணின் மானம் பெரிதல்லவா?

மாலையில் மெமோவின் நகலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நடை நன்றாக வந்திருந்தது. அவள் யாருடைய கண்ணாடியையோ துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா அளவெடுக்குது?”

“பதினொண்ணு.”

“நீங்க?”

“மூணு.”

“எங்க கடையில ரெண்டு பேரு ஒரே போர்டைப் படிச்சு வேற வேற எழுத்து சொன்னா, ஒருத்தர் மேல மட்டும் மெமோ எழுத மாட்டோம். ரெண்டு பேரையும் மறுபடி உட்கார வச்சுப் பாப்போம்.”

“இது அறிவியல்.”

“அதுவும் அறிவியல்தான். கடை மேல ‘அறிவியல் முறையில் கண் பரிசோதனை’ன்னு பலகை மாட்டியிருக்கோமே, நீங்க படிச்சதில்லையா? சரி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே பேசும் மனிதர். யார் என்ன சொன்னாலும் மிட்டாய் கரையும்வரை பதில் சொல்ல மாட்டார்.

“டாக்டர், உங்க மெமோ படிச்சேன். நாலு பக்கம். இதை ஃபைல்ல சேர்த்தா அந்தம்மா கதை முடிஞ்சிடும். சேர்க்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி ஒரு தடவை எடுத்துக் காட்டிடுங்க. நாளைக்குக் காலையில.”

“தாராளமா சார். உண்மைக்குப் பயமில்லை,” என்றேன். இழுப்பறையில் இருந்த அறிவிப்பை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சோதனை முடிந்ததும் நேரே பலகைக்குப் போக வேண்டியதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பதாம் பாத்தி, என் செல்லப் பாத்தி. முதலில் முற்றுப்புள்ளி எடுத்தார். மூடியை வளையத்தில் பொருத்தினார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார். பிறகு எழுந்து, திரும்பி, ஐந்தடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ‘பாருங்க சார் அலட்சியத்தை’ என்று இயக்குநருக்குக் கண்ஜாடை காட்டினேன். பெட்டி இரண்டு நிமிடத்தில் பீப் என்றது. அவர் வந்து படித்தார்.

“மூணு புள்ளி ஒண்ணு.”

இப்போது என் முறை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். மூடியைப் பொருத்தினேன். குனிந்தேன். மூடியின் மூக்கும் என் மூக்கும் ஏறக்குறைய முத்தமிட்டுக்கொண்டன.

“சார், கவனிங்க. இந்தப் பாத்தியில மணிச்சத்து ரெண்டு பங்கு. வேர் முடிச்செல்லாம் கொத்துக் கொத்தா இருக்கு. கீழ ஒரு தொழிற்சாலையே ஓடிட்டு இருக்கு. அந்தத் தொழிற்சாலையோட புகைதான் இது. பாருங்க, ஏறுது! மூணரை... நாலு... நான் என்ன சொன்னேன்? நாலு புள்ளி நாலு!”

“ம்,” என்றார் இயக்குநர்.

“இது வெறும் எண்ணு இல்லை சார். நாளைக்கு உலகத்துல பயறு விதைக்குற ஒவ்வொருத்தரும்...” என்று தொடர்ந்தேன். நான்கு புள்ளி ஏழு. “...நம்ம நிலையத்தோட பேரைச் சொல்லி...” நான்கு புள்ளி ஒன்பது. “...நன்றியோட ஒரு பெருமூச்சு விடுவாங்க!” என்று செய்தும் காட்டினேன். ஐந்து புள்ளி நான்கு.

இயக்குநர் மிட்டாயைக் கன்னத்தின் ஒரு பக்கத்துக்குத் தள்ளினார். “டாக்டர், நீங்க பேசப் பேச ஏறுது.”

“உற்சாகம் சார்.”

“மண்ணுக்கா?”

அப்போது முற்றுப்புள்ளி பேசினார். நான் அறிந்தவரை அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“சார், அந்தப் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்குறதைக் கொஞ்சம் படிங்க.”

“மனப்பாடம்மா அது. மூச்சு விடக் கூடாது. ரகசியம் காக்கணும்னு அர்த்தம்.”

“ரகசியம் இல்ல சார். மூச்சு.”

“என்ன மூச்சு?”

“மூக்குல விடுறது சார். நம்ம மூச்சுலயும் அதே வாயுதான் இருக்கு. பக்கத்துல விட்டா அந்தத் திறந்த குழாய் வழியா உள்ள போயிடும். அதான் எழுதி ஒட்டினேன்.”

“எழுதி... நீங்களா?”

“வேலைக்குச் சேர்ந்த வருஷம் சார். நீங்க அதை வச்சு மீட்டிங் போட்டப்பவே சொல்ல வந்தேன். அப்புறம் ரெண்டு தடவை வந்தேன். நீங்க நிறுத்தினதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

மூன்று வருடம் காத்திருந்திருக்கிறார், பாவம்.

நான் விடவில்லை. வாயுவைப் பற்றி எனக்குப் பாடமா? ஒரு மனிதனின் அற்ப மூச்சு, அறிவியல் கருவியை ஏமாற்ற முடியுமா என்று கேட்டேன். இயக்குநர் கருவியைத் தூக்கச் சொன்னார். பாத்திகளுக்கு நடுவே சிமெண்ட் நடைபாதை ஓடுகிறது. அதில் ஒரு வளையத்தைக் களிமண்ணால் ஒட்டி, மூடியைப் பொருத்தச் சொன்னார். எல்லோரும் தள்ளி நின்றோம். எண் பூஜ்யம்.

“இப்போ நீங்க போய் மணிச்சத்தைப் பத்திச் சொல்லுங்க டாக்டர்.”

போனேன், மண்டியிட்டேன், சொன்னேன். என் குரலே எனக்குச் சற்றுச் சந்தேகத்தோடு ஒலித்தது. இருந்தாலும் பேச்சு என்று வந்துவிட்டால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. இரண்டு நிமிடத்தில் சிமெண்ட் தரை மூச்சு விடத் தொடங்கிவிட்டது. ஒன்று புள்ளி நான்கு.

“சிமெண்டுக்கும் ரெண்டு பங்கு போட்டீங்களா?” என்றார் இயக்குநர்.

நான்கு புள்ளி ஐந்திலிருந்து மூன்று புள்ளி ஒன்றைக் கழித்தால் ஒன்று புள்ளி நான்கு. மூன்று வருட ஆராய்ச்சியின் சாரம் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தது. மண் என்னவோ எல்லாப் பாத்திகளிலும் ஒரே மாதிரிதான் மூச்சு விட்டிருக்கிறது. சிவப்புக் கொடி நட்ட இடங்களில் மட்டும் கூடவே நானும் விட்டிருக்கிறேன்.

இயக்குநர் கெட்டவர் அல்ல. எழுந்து நிற்க எனக்குக் கை கொடுத்துவிட்டு, ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“இங்க பாருங்க டாக்டர், எனக்கு மாநாடு முக்கியம். உங்க பேரு அச்சாகிடுச்சு. கருவியில பழுதுன்னு ஒரு வரி எழுதிடலாம். மூக்குல கசிவு. யாரு மேலயும் தப்பில்லை. புதுக் கருவி வந்ததும் மறுபடி எடுத்துக்கலாம்.”

“அப்போ அவங்க எடுத்த அளவு?”

“கருவியே பழுதுன்னா எல்லா அளவும் பழுதுதானே.”

“ஃபைல்?”

“விசாரணை நிலுவைன்னு ஒரு குறிப்போட நிக்கும். நாளைக்குப் போகாது. அதுக்கென்ன பண்றது?” மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

முற்றுப்புள்ளி சற்றுத் தள்ளிக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். சுருட்டிய கை நின்றது. அவர் எங்களைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என் மனசாட்சி வீறுகொண்டு எழுந்தது என்று எழுதினால் கதைக்கு அழகு. எழவில்லை. அது எனக்குப் பழக்கமான கனத்த உடம்போடு படுத்தே இருந்தது. முதலில் மாநாட்டு மேடைதான் கண்ணில் வந்தது, மாலையும் ஒலிபெருக்கியுமாக. அடுத்து, ‘கருவி பழுது’ என்று மாலையில் மனைவியிடம் சொல்வதை ஒத்திகை பார்த்தேன். அவள் துணியால் துடைத்துக்கொண்டே, ‘எந்தக் கருவிங்க?’ என்று கேட்பாள். அதற்குமேல் என்னிடம் வசனம் இல்லை.

“கருவி நல்லாத்தான் சார் இருக்கு,” என்றேன். சுருக்கமாகப் பேசுவது எவ்வளவு வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அறைக்குப் போய் மெமோவைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம் வந்தது. முதல் மூன்று பக்கத்தில் உண்மையின் மாண்பு. அடுத்த மூன்றில் தன் பிழையை ஏற்பவனின் மாண்பு. ஏழாம் பக்கத்தில் முற்றுப்புள்ளி வந்தார், பெயரில்லாமல். இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு வரி போதும் டாக்டர். ஏழு பக்கம் போனா மேல யாரும் படிக்க மாட்டாங்க, அந்தம்மா ஃபைல் அங்கேயே தூங்கிடும்.”

ஒரு வரி எழுதினேன்: ‘டெக்னீஷியனின் அளவுகள் சரியானவை, தவறு என்னுடையது, மெமோவைத் திரும்பப் பெறுகிறேன்.’ முறைப்படி முற்றுப்புள்ளிக்கும் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார்.

“ஒரு திருத்தம் சார்.”

“சொல்லுங்க.”

“தவறுன்னு போட்டா என்ன தவறுன்னு கேட்டு ஃபைல் திரும்பி வரும். மூச்சுன்னு போட்டுடுங்க.”

போட்டேன். ‘கூடுதலாக இருந்தது என்னுடைய மூச்சு.’ அரசாங்க முத்திரையோடு அந்த வரி மேலே போனது. வெள்ளிக்கிழமை மதியம் கோப்பும் போனது. அவர் நிரந்தரமானார்.

நிரந்தரமானவர் முதல் வேலையாகப் பாத்திகளின் ஓரத்தில், சரியாகப் பத்தடி தூரத்தில், சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அளவெடுக்கும்போது நான் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். இப்போது நான் கண்ணாடி போடுகிறேன். போட்டாலும் பத்தடியிலிருந்து எறும்பு எண்கள் தெரியாது. அவர்தான் படித்துச் சொல்வார். சிவப்புக் கொடிகளையும் பிடுங்கி, அடுத்த விதைப்பில் உரப் பாத்திகளை இடம் மாற்றி, எல்லாப் பாத்திக்கும் ஒரே மாதிரி எண் அட்டை வைத்துவிட்டார். எந்த எண்ணில் எந்த உரம் என்று சீசன் முடியும்வரை எனக்கும் சொல்லவில்லை.

“எனக்குக் கூடவா?” என்றேன்.

“உங்களுக்குத்தான் சார்.”

ஒருநாள் கோட்டுக்கு வெளியே நின்றபடி கேட்டேன். “ஏம்மா, நான் உங்களுக்கு முற்றுப்புள்ளின்னு பேரு வச்சேனே, தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எனக்கு ஏதாவது பேரு உண்டா?”

“காற்புள்ளி,” என்றார். “எங்கயும் முடியாது, மூச்சு வாங்க மட்டும் நிக்கும்.”

மாநாட்டில் என் பெயர் இருந்த இடத்தில் தேநீர் இடைவேளையை நீட்டித்தார்கள். அதற்கு நல்ல கைதட்டல் என்று கேள்வி. துறைத் தலைவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார், அதிகம் பேசாதவர். அக்கா மட்டும் இன்னும் போன் செய்கிறாள். “தம்பி, மண்ணு இன்னும் மூச்சு விடுதா?” என்று கேட்கிறாள். அத்தான் பின்னால் நின்று சிரிப்பது கேட்கிறது.

சட்டைப் பையிலிருந்த என் அறிவிப்பு துவைத்ததில் கரைந்து போனது. ‘செவிமடுக்கும்’ மட்டும் பையின் மூலையில் உருண்டையாகக் கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் அதற்காக நான் சாணால் அளந்து வைத்த இடம் பல நாள் காலியாக இருந்தது. சீசன் முடிந்ததும் முற்றுப்புள்ளி அங்கே ஒரு சின்னத் தாளை ஒட்டினார். இன்றும் இருக்கிறது. குழாய் சரியாகிவிட்டது, குடையும் கிடைத்துவிட்டது, ஆகவே பலகையில் இப்போது அது ஒன்றுதான்.

தட்டைப்பயறு, மணிச்சத்து இரண்டு பங்கு: மூன்று புள்ளி ஒன்று. தட்டைப்பயறு, உரம் இல்லை: மூன்று புள்ளி ஒன்று.